குல்ஃபி குச்சி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் நான்கு பழைய பிரஸ் மெஷின்கள் இருந்தன. தகட்டை அச்சுக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே எடுத்து, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கிற பச்சை பட்டன்களை ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேலேயிருந்து இரும்பு இறங்கித் தகட்டை அடிக்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது விரல் எப்படி உள்ளே மாட்டும்? நன்றாகப் படித்த யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அந்த ஏற்பாட்டை ஏமாற்ற எனக்கு மூன்று நாள் ஆனது.

காலை பதினோரு மணிக்கு கேட்டுக்கு வெளியே சைக்கிளில் குல்ஃபிக்காரர் வருவார். தின்றுவிட்டு மூங்கில் குச்சியை நான் எறிய மாட்டேன். நுனியைக் கடித்துத் தட்டையாக்கி வைத்துக்கொள்வேன். வலப்பக்கத்து பட்டனை அமுக்கி, அதன் ஓரத்து இடுக்கில் குச்சியைச் சொருகினால் பட்டன் மறுபடி எழும்பாது. யாரோ அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மெஷின் நம்பிவிடும். அதற்கப்புறம் இடது கையால் மற்ற பட்டனைத் தட்டிக்கொண்டே, வலது கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம், வைக்கலாம். எல்லோரும் ஐந்தரைக்கு முடிக்கிற வேலையை நான் மூன்றரைக்கு முடித்துவிடுவேன். மீதி இரண்டு மணி நேரம் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்று ஆட்களைக் கலாய்ப்பேன். அதற்காகத்தான் அவ்வளவு வேகமும்.

என்னிடம் அதிகமாக மாட்டியவன் பக்கத்து மெஷினில் இருந்த என் நண்பன். என் வயதுதான். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவான். அவன் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவில் பாதி எனக்கு என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளில் சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் அமுக்குவான். ஒவ்வொரு தகட்டுக்கும் அப்படித்தான்.

"இன்னா மச்சான், சாமி கும்புட்டுகினே கீற. வரம் குடுத்துச்சா?" என்பேன்.

"நீ சீக்கிரம் முடிச்சு இன்னா கிழிச்ச? மத்தவன் மெஷினாண்ட வந்து குந்திகினு வாய் பேசற. அதுக்கு நான் நிதானமாவே பண்ணிட்டு போறேன்."

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"பயந்தாங்கொள்ளிதான். போடா."

அவனுக்குக் கோபம் வராது. வராத கோபத்தை வரவழைப்பதுதானே எனக்கு விளையாட்டு. மாதக்கணக்காக அதையே சொன்னேன். அவன் இரண்டு கையையும் நீட்டுகிற விதத்தை நடித்துக் காட்டினேன். அவன் அசையவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் படத்துக்குப் போவதாக இருந்தோம். நான் வழக்கம்போல முடித்துவிட்டு முகம் கழுவி, தலை வாரி, அவன் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். அவனுக்கு இன்னும் ஒரு கூடை மிச்சம் இருந்தது. நான் மணியைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவனே கை நீட்டினான்.

"அந்தக் குச்சிய குடு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கடைசியில் ஜெயித்துவிட்டேன். கொடுக்கக்கூட இல்லை, நானே அவன் மெஷினில் சொருகிவிட்டேன். "சோக்கா ஓடும் பாரு" என்றேன். நன்றாகத்தான் ஓடியது. முக்கால் கூடை வரைக்கும்.

நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அவன் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவன் கத்தவில்லை. தன் கையை, யாரோ பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். அப்போது என் கை நீண்டது. அவனைப் பிடிக்க நீளவில்லை. பட்டனுக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டது. அதற்குப் பிறகுதான் அவனிடம் போனேன்.

இரண்டு விநாடி இருக்கும். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குப் பின்னால் நான் செய்ததெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். துண்டைச் சுற்றினேன், தூக்கினேன், ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்தேன், ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "படம் போச்சுடா" என்றான். நான் சிரித்தேன். சிரிக்கும்போது பையிலிருந்த குச்சி நெஞ்சில் குத்தியது.

ஆஸ்பத்திரிக்கு விசாரணைக்கு வந்தவர் கேட்டபோது, "தெரியல சார், தானா எறங்கிச்சு" என்றான் அவன். நான் பக்கத்தில் நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் பழசு என்று எழுதி முடித்தார்கள். ஊருக்குத் திரும்புகிற மின்சார ரயிலில் வாசலில் நின்று குச்சியை வெளியே எறிந்தேன். காற்று அதைத் திருப்பி எங்கள் ரயிலின் அடுத்த பெட்டிக்குள்ளேயே போட்டது என்று நினைக்கிறேன். ஒழுங்காக எறியக்கூடத் தெரியவில்லை.

பத்து நாளில் வேலையை விட்டேன். அப்புறம் ஆவடியில் ஷேர் ஆட்டோ. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில்பதாகை வழியாக வெள்ளானூர், அங்கிருந்து திரும்ப ஆவடி. பூந்தமல்லி பக்கம் ஓட்டினால் ஆள் நிறையக் கிடைக்கும் என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்த ரோடு ஆட்டோவுக்கு ஆகாது, குலுக்கும் என்றேன். அதைவிடக் குலுக்குகிற வெள்ளானூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு நான் இதைச் சொன்னதில் இருக்கிற வேடிக்கை, அந்த ரோட்டில் போனவர்களுக்குப் புரியும்.

அவனை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கட்டுப் போட்டிருந்தது. கட்டுப் பிரித்த பிறகு போகவில்லை. அவன் போன் செய்வான்.

"இன்னா மச்சான், ஆளையே காணோம்."

"வண்டில கீறேன்டா. அப்பால பேசறேன்."

"எப்ப பாத்தாலும் வண்டிலயே கீற. ஆட்டோல பொறந்தவனா நீ?"

"ஆட்டோதான் மச்சான் எங்கம்மாக்கு பிரசவ ஆஸ்பத்திரி" என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வைத்துவிடுவேன். இப்படியே நாலு வருஷம் ஓடியது. அவன் பூந்தமல்லியில் அவன் மாமாவோடு பெல்ட், பர்ஸ், பை விற்கிற கடையில் உட்காருகிறான் என்று கேள்விப்பட்டேன். எந்தக் கையால் பர்ஸை எடுத்துக் காட்டுவான் என்று யோசிப்பேன். யோசித்தால் பிரேக் தாமதமாகப் போடுவேன். பின்னால் இருக்கிறவர்கள் திட்டுவார்கள்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை, ஆவடியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின் சீட்டு ஓரத்தில் புர்கா போட்ட ஒரு அம்மா. தூசிக்காக முகத்தை மூடியிருந்தார். நான் வழக்கம்போலக் காய்கறிப் பை வைத்திருந்த பெண்ணிடம், "அக்கா, முருங்கைக்கா என் முதுவுல குத்துது. அதுக்கும் ஒரு சீட்டு எடுத்துருக்கலாம்ல" என்று வம்பு பேசிக்கொண்டே வந்தேன். வெள்ளானூரில் எல்லோரும் இறங்கினார்கள். அந்த அம்மா இறங்கவில்லை.

"கடசி ஸ்டாப்பிங்கும்மா. எறங்கணும்."

"எறங்க மாட்டேன்."

தெரிந்த குரல். திரும்பிப் பார்த்தேன். துணியை விலக்கினார். என் நண்பனின் அம்மா. அவன் உம்மா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"வாங்க உம்மா. நல்லா கீறீங்களா?"

"நான் நல்லா கீறேனா செத்தேனான்னு நாலு வருசமா கேக்கல. இப்ப இன்னா கேக்கற. வர ஞாயித்துக்கெழம அவனுக்கு நிக்காஹ். வருவியா?"

"உம்மா, ஞாயித்துக்கெழம வண்டி..."

"அப்ப நானும் எறங்கல. நீ வரேன்னு சொல்ற வரைக்கும் உன் வண்டிலயே கீறேன். ஓட்டு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆவடி வந்தது. இறங்கவில்லை. புதிதாக ஏறியவர்களுக்குத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். மறுபடி வெள்ளானூர். மறுபடி ஆவடி. மூன்றாவது நடையில்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"இந்த டிரைவர் புள்ள யார்னு தெரியுமாம்மா உனக்கு? எம்மவனுக்கு பேக்டரி மெஷின்ல கை மாட்டிகிச்சு. அப்ப இவன்தான் தூக்கிகினு ஓடனான். சொந்தக்காரங்கூட அப்டி பண்ண மாட்டான். வழி பூரா அவன் கைய எறக்கவே வுடல. எறக்கிருந்தா ரத்தமெல்லாம் போயிருக்கும்னு டாக்டரே சொன்னாரு."

"அப்படியாண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

முன் சீட்டில் என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் தொடையைத் தட்டிக் கொடுத்தார். கோவில்பதாகையில் இறங்கிய ஒருவர், மீதி சில்லறையை வாங்காமல், "வெச்சிக்கப்பா, நல்லா இரு" என்று போனார். கண்ணாடியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்னைத் திட்டின பஸ் டிரைவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் இவ்வளவு வலிக்கிற மாதிரித் திட்டியதில்லை.

"உம்மா, வரேன். போதும். வுட்டுருங்க. வரேன்."

"அல்லா மேல சத்தியமா?"

"உங்க மேல சத்தியமா."

"அப்ப வண்டிய நிறுத்து. எனக்கு இடுப்பு போச்சு. இதுவா ரோடு?"

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு பூந்தமல்லிக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தேன். அந்த இரண்டு விநாடியை அவனிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவன் வெளியே போ என்றால் போய்விட வேண்டும். இனிமேல் அந்தப் பாராட்டை என்னால் வாங்க முடியாது. நல்ல நாளில் போய் இதைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். நாலு வருஷத்தில் கெட்ட நாள் எத்தனையோ வந்தது, ஒன்றிலும் சொல்லவில்லையே.

மண்டபத்தின் மாடியில் சின்ன அறை. அவன் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பந்தா சட்டை, செண்டு வாசனை. வலது கையை மடியில் பூமாலைக்குள் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மேலும் கீழும் பார்த்தான்.

"யாருப்பா அது? ஆட்டோவ வுட்டு எறங்கிட்டியா?"

"வாழ்த்துகள் மச்சான்."

"ந்தா, புது ஆளாட்டம் வாழ்த்துகள்ன்ற. குந்து."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கை மாட்டுனப்போ நான் மொதல்ல உன்னாண்ட வரல. குச்சிய எடுக்க போனேன்."

"தெரியும்."

"பாத்தியா?"

"பின்ன? என் மூஞ்சிக்கு எதுர்லதான கீது பட்டன். என் கை ஒரு பக்கம், உன் கை ஒரு பக்கம். ரெண்டியும் பாத்துகினுதான் நின்னேன்."

"உனக்கு பிரச்னை வரக்கூடாதுன்னு எடுத்தேன்னு நெனச்சிக்காத. என்னை புடிச்சிப்பாங்கன்னு எடுத்தேன்."

"அதுவும் தெரியும். உன்னை எனக்கு தெரியாதா."

அவன் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் எனக்கு வேண்டாததெல்லாம் வாயில் வர ஆரம்பித்தது. நான் கலாய்க்காமல் இருந்திருந்தால், நான் அன்றைக்கு வந்து நிற்காமல் இருந்திருந்தால், எல்லாம் என்னால்தான், உன் கை போனதற்கு முழுக்க நான்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் முகம் மாறியது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நிறுத்துடா. குச்சிய யாரு கேட்டது?"

"நான் கலாய்ச்சதாலதான..."

"யாரு கேட்டதுன்னேன்."

"நீ."

"நான் கேட்டேன். படத்துக்கு போவணும்னு எனக்கு ஆச. அது ராங்குன்னு எனக்கு தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். நாலு வருசமா அத்தயும் சேத்து நீயே தூக்கிகினு போயி உன் ஊட்டுல வெச்சிகினு கீற. நான் இன்னா பால்வாடி புள்ளையா? எம் பங்கு எனக்கு ஓணும். குடுத்துரு."

கீழே யாரோ மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பட்டன்ல கை வெச்சது?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அது உன்துதான். அத்த நான் இன்னா பண்றது. வெச்சிக்க."

பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னான். "இத்த சொல்றதுக்கா நாலு வருசம் டபாய்ச்ச? நான் வேற நெனச்சிகினு இருந்தேன்."

"இன்னா நெனச்ச?"

"என் கைய பாக்க உனக்கு ஒரு மாதிரி கீது போலன்னு. அதான் கட்டு பிரிச்சதும் வரலன்னு."

இதற்கு நான் தயாராக வரவில்லை. குச்சி, பட்டன், விசாரணை என்று என் குற்றங்களையெல்லாம் நானே வரிசை போட்டு வைத்திருந்தேன். இது அந்த வரிசையிலேயே இல்லை. என்னையே நினைத்து நொந்துகொண்டிருந்ததில், கடையில் உட்கார்ந்து அவன் இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றவே இல்லை. போய் அந்தக் கையை மாலைக்குள்ளிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன். முதல் முறையாகப் பார்த்தேன். விரல் இருந்த இடம் வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அவ்வளவுதான். நாலு வருஷமாக நான் மனதுக்குள் பார்த்த கை இதைவிடப் பயங்கரமாக இருந்தது.

"கல்யாண சட்டைடா. மேல அழுவாத, கறை ஆயிடும்" என்றான்.

நிக்காஹ் முடிந்து சாப்பாடு. மண்டபத்தில் எல்லோருக்கும் மேசை போட்டு பிரியாணி. மாப்பிள்ளைக்கு மட்டும் உம்மாவின் தாய்வீட்டு வழக்கப்படி சஹன். சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நாலு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தாம்பாளத்திலிருந்து சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு நடுவில், கறி அதன் மேல், அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுக்கலாம். அவன் அக்கா வீட்டுக்காரரும் சித்தப்பா மகனும் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போவது போல நழுவினேன்.

"டேய் ஆட்டோ. நாலாவது ஆளு நீதான். வா."

அவனுக்கு நேர் எதிரே இடம். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் சேர்த்து அவன் சோற்றைப் பிசைந்து உருட்டுவதை, தலையைக் குனியாமல் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் என் பக்கத்து எலும்புக் கறி காணாமல் போய்விட்டது.

"யோவ், அது என் பக்கம்."

"பேர் எழுதிருக்கா? மூணு வெரலே உன் அஞ்சு வெரல வுட ஸ்பீடு, பாத்தியா."

"திருட்டு வெரல்தான் மிச்சம் கீது போல."

அவன் அக்கா வீட்டுக்காரருக்குச் சாப்பாடு தொண்டையில் நின்றுவிட்டது. இந்தக் கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை போல. அவனோ வாயில் சோற்றோடு சிரித்து, சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, இடது கையால் துடைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு நல்ல துண்டுக் கறியை என் பக்கம் தள்ளினான்.

நான் அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மூன்று மணிக்கு மண்டபம் காலியானபோது உம்மா தனியாக நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனேன்.

"நீ அன்னிக்கு இல்லன்னா இன்னிக்கு இந்த நாளே இல்லடா" என்று ஆரம்பித்தார்.

"உம்மா, அப்டி சொல்லாதீங்க. கை மாட்டுனதே என்னாலதான், பாதி. பட்டன்ல குச்சி சொருவுனது நானு. மாட்டுனதும் அவனை புடிக்காம மொதல்ல குச்சிய எடுத்து ஒளிச்சேன். அப்பறம்தான் தூக்கிகினு ஓடனேன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவனுக்கு தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரும் சேந்து என்னை நாலு வருசம் ஏமாத்தினீங்க." குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தொழுவைலயும் உனக்காக துவா கேட்டேன்டா நானு."

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"கேட்டத திருப்பி வாங்கவும் முடியாது" என்றார். பிறகு, "எனக்கு கோவமா கீது. வெள்ளிக்கெழம வரைக்கும் என் கண்ணுல படாத. அன்னிக்கு மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வா. இப்ப போ."

போனேன். திரும்பி வருகிற வழியில் ஒரு கணக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத தண்டனை இல்லை. முட்டி போட்டது, பெஞ்சு மேல் நின்றது, கிரவுண்டைச் சுற்றியது. எல்லாவற்றுக்கும் ஒரு மணி அடிக்கும், முடியும். இந்த ஒன்றுக்கு மட்டும் நானே வாத்தியார், நானே பையன், மணி அடிக்க ஆள் இல்லை. பூந்தமல்லிக்குப் போகாமல் இருந்தது, போனை வைத்தது, ஆள் கிடைக்காத ரோட்டில் ஓட்டியது எல்லாம் தண்டனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி அடி அவன் மேல் விழுந்திருக்கிறது. உம்மா நிஜமாகவே கோபப்பட்டார். வெள்ளிக்கிழமை என்று முடிகிற நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. புதன்கிழமையே போய்க் கதவைத் தட்டினேன். உம்மா திறந்து பார்த்தார்.

"இன்னிக்கு இன்னா கெழம?"

"புதன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"வெள்ளி."

கதவைச் சாத்திவிட்டார். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண் சிரிப்பு. புது மருமகளாக இருக்கும்.

அந்த இரண்டு விநாடி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. சிக்னலில் நிற்கும்போது திடீரென்று வரும். முன்பெல்லாம் வந்தால் உடனே ஏதாவது ஜோக் சொல்லி விரட்டுவேன். இப்போது விரட்டுவதில்லை. அது என்னுடையது என்று அவன் சொன்னது சரிதான். இருபத்திரண்டு வயதில், பயத்தில், இந்தக் கை அதைச் செய்தது. இதே கைதான் ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மணிக்கட்டை இறக்கவில்லை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்கப் பார்த்தால் இரண்டுமே அழிவதில்லை.

வெள்ளிக்கிழமை சரியாக இரண்டு மணிக்குப் போனேன். உம்மா கதவைத் திறந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோவம் இன்னும் கொஞ்சம் கீது" என்றார். "உள்ள வந்து குந்து. அதுபாட்டுக்கு போவும்."

உட்கார்ந்ததும் ஒரு முறத்தில் பூண்டைக் கொண்டுவந்து வைத்து உரிக்கச் சொன்னார். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று, இது யார் என்று மெதுவாகக் கேட்டாள்.

"இவனா? உன் ஊட்டுக்காரன் வெரல் போனது இவனாலதான்" என்றார் உம்மா.

"என்னாலயும்தான்" என்றான் அவன், பாயில் படுத்தபடி.

"நீ வாய மூடு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு ஓடனவனும் இவன்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தாங்க" என்றேன். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

உம்மா முறத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தோலோட பாதி பூண்டையும் சேத்து கிள்ளி போட்டுகினு கீறான் பாரு. தள்ளு. மெதுவா உரி. உனக்கு இங்க எந்த வண்டியும் கெளம்பல."